படித்துக் காட்டினால் புரிய வேண்டும்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டினார்கள். அதில் ஒன்றில் நான் வெகுகாலம் முன்பு செய்த ஒரு வெப்சைட் அழியாமல் கிடந்தது. எங்கள் டீமில் இருக்கும் பிரியா அதன் உள்ளே எழுதியிருந்த கோடிங்கைத் திறந்து பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டாள். கட்டம் போட்ட ஒரு டேபிளுக்குள் இன்னொரு டேபிள், அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு அவர்கள் வேண்டியதை வாயால் சொன்னால் கம்ப்யூட்டரே பக்கத்தைச் செய்து நீட்டுகிறது. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.

சிரித்து முடித்தபின் பிரியா, "இதுல இருந்து நீங்க எப்பக்கா மாறுனீங்க? யார் மாத்துனாங்க?" என்று கேட்டாள். நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது நேரம் இருக்கிறது. எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தபோது என் கணவர் சாமுவேல் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு டைப்ரைட்டிங் தெரியும். ராயபுரத்தில் ஒரு டிடிபி கடையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், பனியன் காலரில் தைக்கும் லேபிள் எல்லாம் அடித்துக் கொடுப்போம். சில வருஷத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வெப்சைட் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் கடை முதலாளி மாடியில் இரண்டு அறை எடுத்து அதற்கென்று ஒரு பிரிவு தொடங்கி, என்னை மேலே அனுப்பினார். பாடம் படித்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புத்தகம், ஒரு சிடி, நிறைய தப்பு. அவ்வளவுதான்.

அந்தக் காலத்து முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலாளிகள் கையில் ஒரு பளபளப்பான பிரௌச்சர் இருக்கும். அதே மாதிரி வெப்சைட் இருக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டுவோம். பிறகு கோடு தெரியாத ஒரு டேபிள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை உட்கார வைப்போம். இடைவெளி வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை இழுத்து நிரப்புவோம். திரையில் பார்த்தால் பிரௌச்சர் அப்படியே இருக்கும். ஒரு மயிரிழை விலகாது. அந்த வேலையில் திருப்பூரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மற்ற கடைக்காரர்களே சொல்வார்கள். ஓரங்கள் சேரவில்லை என்றால் என்னிடம் கொண்டுவந்து காட்டிச் சரிசெய்து போனவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமை இருந்தது. படிப்பு குறைந்த ஒருத்திக்கு ஊரில் ஒரு பேர் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வளர்மதி மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தார். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம். பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை ஜெயராணி அக்கா என்பார். எல்லாருக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேச்சு. தண்ணீர் கேன் போடுகிறவரிடம் பேசுவதும் முதலாளியிடம் பேசுவதும் ஒரே குரல்.

அவர் வேலையைப் பார்க்கிற விதம் வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. நம் பின்னால் வந்து நிற்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மவுசைத் தொட மாட்டார். "நகருங்க, நான் காட்டறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் வேலை நம் கையில்தான் இருக்கும். நம் வேலையைத் தப்பு என்று அவர் சொல்ல மாட்டார். பிடிக்கவில்லை என்றால், "இருக்கட்டுங்க" என்பார். இருக்கட்டும் என்றால் மறுபடி செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

வந்த முதல் வாரமே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். பக்கம் முடிந்ததும் படங்களை எல்லாம் அணைத்துவிட வேண்டும். வண்ணம், அலங்காரம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். வெறும் எழுத்து மட்டும் மேலிருந்து கீழே எந்த வரிசையில் இருக்கிறதோ, அந்த வரிசையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்கிறவருக்குப் புரிந்தால் பக்கம் சரி.

என் பக்கங்களில் படித்துக் காட்ட ஒன்றுமே இருக்காது. எழுத்தும் படத்துக்குள் இருக்கிறதே. கொஞ்சம் எழுத்து இருக்கிற பக்கத்தை எடுத்துப் படித்தால், "முகப்பு, ஆண்கள் உள்ளாடை, எங்கள் நிறுவனம், சாயம் போகாது, தொடர்புக்கு, முப்பது வருட" என்று வரும். டேபிள் குறுக்காக ஓடுகிறது இல்லையா, அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுருங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சொன்ன முறை வேறு. தலைப்பை இது தலைப்பு என்று சொல்லி எழுது. பத்தியைப் பத்தி என்று சொல். வரிசையாக வருவதை வரிசை என்று சொல். எந்த இடத்தில், எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதைத் தனியாக இன்னொரு ஃபைலில் வை. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறை அது, எந்த பிரௌசருக்கும் அது புரியும், நாளைக்கு வருகிற பிரௌசருக்கும் புரியும் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த முறையில் செய்தால் ஒரு பிரௌசரில் ஒழுங்காக நிற்கிற பக்கம் இன்னொன்றில் சரிந்து விழும். என் டேபிள் எங்கேயும் விழாது. நாற்பது வயதை நெருங்குகிற நேரத்தில், கைவந்த ஒன்றை விட்டுவிட்டுத் தடுமாறும் ஒன்றைப் பிடி என்றால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். அதை மேடத்திடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. புது வேலைகளைப் புது முறையில் மற்றவர்கள் செய்யட்டும், பழைய வேலைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது.

இப்படி இருக்கும்போது துரைசாமி ஐயாவின் வேலை வந்தது.

துரைசாமி ஐயா எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். தாராபுரம் ரோட்டில் அவருக்கு பனியன் ஃபேக்டரி இருந்தது; அதன் இங்கிலீஷ் சைட்டை நான்தான் டேபிளில் செய்திருந்தேன். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து தொழில் தொடங்கியவர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள், ஆட்களை எப்படி வேலைக்கு எடுக்கிறீர்கள், விடுதி எப்படி என்றெல்லாம் அப்போது கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதனால் வேலை தேடுகிறவர்களுக்காக ஒரு தமிழ் வெப்சைட் வேண்டும் என்றார். என்னென்ன வேலை காலி, சம்பளம் எப்போது, பெண்கள் விடுதி எங்கே, யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆடிட்டுக்கு பையர் வருவதற்குள் முடிய வேண்டும்.

தெற்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கான பக்கம் என்பதால் என்னையும் மேடம் கூடச் சேர்த்துக்கொண்டார். ஐயாவின் ஆபீஸ் எழுதிக் கொடுத்ததில் இனிமையான சூழல், பாதுகாப்பான தங்குமிடம் என்று நிறைய இருந்தது. மேடம் அதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னை விடுதிக்குக் கூட்டிப்போனார். வார்டன் தங்கமணி அம்மாவை உட்காரவைத்து, ஒரு தாய் என்ன கேட்பாளோ அதை என்னைக் கேட்கச் சொன்னார். பிள்ளையைப் பார்க்க எப்போது வரலாம், காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள், பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பலாமா, யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா. தங்கமணி அம்மா சொன்ன பதில்களைத்தான் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் வரலாம் என்பது மட்டும் அங்கே நிலையான வழக்கமாக இல்லை. மேடம் ஐயாவிடமே போய், இதை எழுதலாமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, எழுதுங்க, எழுதினா செய்வோம் என்றார்.

பக்கத்தை மேடம் புது முறையில் செய்யவைத்தார். அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதுவரை தமிழ் என்றால் நாங்கள் படமாகத்தான் போடுவோம், அல்லது ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபாண்ட் இருக்கும், அது இல்லாத கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியும். இந்த முறை எல்லாருக்கும் பொதுவான யூனிகோடில் தமிழை உண்மையான எழுத்தாகவே வைத்தார்கள். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் முத்து மாதிரி தெரிந்தது.

ஐயாவின் கான்ஃபரன்ஸ் ரூமில் காட்டப் போனோம். அங்கே இருந்தது யூனிகோடு தமிழ் ஏற்றாத பழைய கம்ப்யூட்டர். பக்கம் திறந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. ஒரு எழுத்துகூட இல்லை. அவருடைய மகன், மேனேஜர், ஹெச்ஆர் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க, இது பூராவும் காலி டப்பாவா இருக்குதுங்களே" என்றார்.

மேனேஜர் உடனே, வேறு கடைக்காரர்கள் இதையே படமாகச் செய்து இரண்டு நாளில் தருவதாகச் சொல்கிறார்கள் என்றார். மேடம் எழுந்து நின்று, தப்பு எங்கள் மேல்தான், உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று சொன்னார். ஒரு வாரம் கேட்டார். ஐயா கொடுத்தார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. அவர் கைவிட்டுப் போனால் மாடி அறைகளை மூட வேண்டியதுதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் நான் சொன்னேன். "மேடம், நான் ரெண்டு நாள்ல டேபிள்ல செஞ்சிருவேன். எழுத்து பூரா படம். எந்த கம்ப்யூட்டர்லயும் கட்டம் வராது."

"செஞ்சிருவீங்க, எனக்குத் தெரியுங்க" என்றார். பிறகு, "செய்யுங்க அக்கா. செஞ்சு, ரெண்டையும் நெட்ல ஏத்துவோம். ஞாயித்துக்கிழமை உங்க தம்பி புது ஊட்டுக்குப் போறீங்கல்ல. அங்க ஒரு பிரௌசிங் சென்டர்ல ரெண்டையும் திறந்து பாருங்க. வந்து எது வேணும்னு சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் ஐயாகிட்டக் கொண்டு போவோம்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பேச்சுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் தம்பியின் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே பிரௌசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு போட்ட சின்னச் சின்னக் கேபின். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து இன்டர்நெட்டுக்கு ஒரே டெலிபோன் லைன். நடத்துகிறவர் பேர் கணேசன். எனக்கு ஒரு கேபின் காட்டினார்.

முதலில் என் டேபிள் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. காத்திருந்தேன். அப்போதும் வெள்ளைதான். டேபிள் முழுதாக வந்து சேர்ந்தால்தான் பிரௌசர் அதைக் காட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். எங்கள் ஆபீசில் லைன் வேகமாக இருந்ததால் அது எனக்கு உறைத்ததில்லை. பிறகு ஒரு வழியாக ஓரத்தில் ஒரு துண்டு வந்தது. அப்புறம் கீழே ஒரு துண்டு. எழுத்துகள் படம் என்பதால் மேல்பாதி முதலில் வந்து, கீழ்பாதிக்குக் காத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கேபினில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். பிளஸ் டூ மார்க் பார்க்க வந்தவர்கள். பெண்ணின் பேர் மகேஸ்வரி. பார்த்து முடித்துக் கிளம்பும்போது, புதன்கிழமை பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போகிறது என்று அந்த அம்மா கணேசனிடம் சொன்னாள். ஊர்க்காரன் ஒருத்தன் கூட்டிப்போகிறான், எந்தக் கம்பெனி என்று தெரியாது, மூன்று வருஷம் முடிந்தால்தான் ஊருக்கு விடுவார்களாம் என்றாள். கணேசன் என்னைக் காட்டி, இந்த அக்காவும் திருப்பூர்தான் என்றார்.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்று என் திரையைப் பார்த்தாள். அதில் பாதி வெள்ளை. "பொட்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

மேடத்தின் பக்கத்தைத் திறந்தேன். தட்டியதும் வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக. ஆக இரண்டுமே உதவவில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். கணேசன் எட்டிப் பார்த்துவிட்டு, இது யூனிகோடு தமிழா என்று கேட்டார். காலேஜ் வாத்தியார் ஒருவர் தமிழில் மெயில் எழுத வருவாராம். அவருக்காக மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தமிழ் தெரியும்படி செய்து வைத்திருந்தார். அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனோம்.

மகேஸ்வரியை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். முகவரியை நான் சொல்ல அவள் தட்டினாள். பக்கம் உடனே வந்து நின்றது. அலங்காரப் படம் ஒன்றும் இன்னும் வரவில்லை. எழுத்து முழுக்க வந்துவிட்டது. நான் பின்னால் நின்றேன். என்னையறியாமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னட்டி போட்டிருக்கு, வாசி" என்றாள்.

மகேஸ்வரி மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பெண்கள் விடுதி. விடுதி எங்கே இருக்கிறது. ஒரு அறையில் எத்தனை பேர். காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எங்கேயும் அவள் தடுமாறி இது எதோடு சேர்த்தி என்று தேடவில்லை. அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று மகேஸ்வரி வாசித்தபோது அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"அத இன்னொரு தடவ வாசிட்டி."

மகேஸ்வரி மறுபடி வாசித்தாள். அதற்கு அடுத்த வரி, பிடிக்கவில்லை என்றால் வார்டனிடம் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஊர் திரும்பலாம் என்பது. அதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பக்கத்தின் கடைசியில் தங்கமணி அம்மாவின் போன் நம்பர் இருந்தது. எதிரே எஸ்டிடி பூத். மூன்று பேருமாகப் போனோம். நான் பேசித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா வேண்டாம் என்று ரிசீவரைத் தானே வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள், "நானும் கூட வரலாமா? வந்து தங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டது மட்டும் கேட்டது. வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதன்கிழமை அந்த ஊர்க்காரனோடு போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னாள்.

நான் திரும்பவும் சென்டருக்குப் போய் கணேசனிடம் கேட்டேன், இந்தத் தமிழை மற்ற கம்ப்யூட்டர்களில் கொண்டுவர என்ன ஆகும் என்று. ஒரு விண்டோஸ் சிடி, கண்ட்ரோல் பேனலில் ஒரு டிக், ஒரு ரீஸ்டார்ட் என்றார். எனக்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தும் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் நடந்ததைச் சொன்னேன். டேபிள் வேண்டாம் மேடம், எழுத்தே இருக்கட்டும் என்றேன். ஒரு ஊரே மெச்சிய என் வேலையை நானே வேண்டாம் என்று சொன்னேன். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு வேலை நடந்தது. கட்டம் வருகிற பிரச்சினைக்கு வழி பார்த்தோம். பக்கத்தின் உச்சியில், தமிழ் தெரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் இரண்டு வரி போட்டோம். எதுவுமே முடியாத பழைய கம்ப்யூட்டருக்கு, விடுதி விவரமும் போன் நம்பரும் மட்டும் ஒரே ஒரு சின்னப் படமாக வைத்து அதற்கு ஒரு லிங்க் கொடுத்தோம். படமே கூடாது என்று மேடம் அடம் பிடிக்கவில்லை. ஃபேக்டரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் நானே போய்த் தமிழை ஏற்றினேன்.

மாறினவளுக்கு வேகம் அதிகம் என்பார்களே, எனக்கும் அப்படித்தான் ஆனது. டேபிள் என்று கண்ட இடத்திலெல்லாம் அதைப் பிடுங்கி எறிந்தேன். விடுதியிலிருந்து ஃபேக்டரிக்குப் போகிற பஸ் நேரங்களையும் டேபிள் இல்லாமல் செய்ய அரை நாள் மல்லுக்கட்டினேன். மேடம் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "அக்கா, இது அட்டவணைதானுங்களே. அட்டவணைய அட்டவணையாவே வைங்க. அதுக்குத்தான் டேபிளக் கண்டுபிடிச்சாங்க" என்றார். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. டேபிள் மேல் அவருக்கு ஒரு பகையும் இல்லை. ஒவ்வொன்றும் அது என்னவோ அதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

துரைசாமி ஐயாவிடம் இரண்டாம் முறை போனபோது, மேடம் என்னைப் பேசச் சொன்னார். பக்கத்தைக் காட்டுவதற்கு முன்னால் சங்கரன்கோவிலில் நடந்ததை அப்படியே சொன்னேன். மேனேஜர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார், ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். நான் முடித்ததும் அவர் கேட்டது வெப்சைட்டைப் பற்றி இல்லை.

"அந்தப் புள்ள வந்துச்சுங்களா?"

இன்னும் தெரியாது என்றேன். அவர் ஹெச்ஆரைப் பார்த்து, வந்தால் அந்த அம்மாவுக்கும் தங்க இடம் கொடுங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க இஷ்டப்படியே பண்ணுங்க. ஆனா என்ற கம்பெனி இங்கிலீசு சைட்டு மட்டும் பளபளன்னு பழையபடியே இருக்கோணுங்க" என்றார். அப்படியே இருந்தது. அந்த டேபிள் சைட்டை அதற்குப் பிறகும் வெகுநாள் நான்தான் கட்டி மேய்த்தேன். பிரியா திறந்து சிரித்தது அதைத்தான்.

மகேஸ்வரி வந்தாள். அம்மாவும் கூட வந்து தங்கிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள். மகேஸ்வரிக்குச் செக்கிங் பிரிவில் வேலை. ஒரு தடவை விடுதிக்குப் போனபோது என்னைப் பார்த்து ஓடிவந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, கடைசி பஸ்னு நீங்க போட்டிருக்கிற நேரத்துக்கு அது வர்றதே இல்ல, மாத்துங்க" என்றாள். ஆபீசுக்கு வந்ததும் மாற்றினேன். எழுத்துதானே, ஒரு நிமிஷ வேலை. முன்பு மாதிரி படமாக இருந்திருந்தால் வெட்டி ஒட்டிச் சீர்செய்யவே ஒரு பொழுது போயிருக்கும். நான் அந்த முறையைப் பிடித்துக்கொண்டது பெரிய தத்துவம் புரிந்ததால் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரிச் சின்னச் சின்ன நிம்மதிகளால்தான்.

புது முறையைக் கற்றுக்கொள்ள எனக்கு மற்றவர்களைவிட அதிக நாள் பிடித்தது. பக்கம் சரிந்து விழும்போதெல்லாம் என் டேபிளை நினைத்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் அதைக் கற்றதால்தான் கைபேசி வந்து, அந்தச் சின்னத் திரைக்கும் பக்கம் பொருந்த வேண்டும் என்றானபோது எனக்குப் பயம் வரவில்லை. என்னோடு டேபிள் வெட்டிக்கொண்டிருந்த பலர் அந்தச் சமயத்தில் வேலையைவிட்டு மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை என்று போனார்கள். நான் அறுபது வயது வரை என் நாற்காலியில் இருந்தேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். சாமுவேலுக்கு முதுகுவலி வந்து மெஷின் ஓட்ட முடியாமல் போன வருஷங்களில் வீடு என் சம்பளத்தில் நடந்தது. இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், கடவுளுக்கு அடுத்தபடி எனக்கு ஒரே பேர்தான் தெரியும்.

அந்தத் தமிழ் சைட் இப்போது இல்லை. ஐயா காலமான பிறகு மகன்கள் ஃபேக்டரியைப் பிரித்துக்கொண்டார்கள். சைட்டைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் அது ஒரு நாள் மறைந்துபோனது. மேடமும் அப்பாவுக்கு முடியாமல் போனதும் காங்கேயம் போய் எண்ணெய் மில்லை எடுத்து நடத்த ஆரம்பித்தார். அதற்குப் பிறகு போனில் மட்டும் பேசிக்கொண்டோம்.

ஓய்வு பெற்ற பின் அவருடைய மகள் கல்யாணத்துக்குக் காங்கேயம் போனேன். பெண்ணின் அம்மா, ஆயிரம் வேலை. ஆனாலும் மண்டபத்தின் பின்பக்கம் என்னைக் கூட்டிப்போய், இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீசில் பிரியா என்னிடம் கேட்டதையும், இதை எழுதப் போவதையும் சொன்னேன். இத்தனை வருஷம் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்.

"மேடம், அன்னைக்கு நான் வந்து டேபிளே போதும்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"டேபிளத்தான் கொண்டு போயிருப்பனுங்க. சொல்லிட்டேனல்லங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "நீங்க ஊருக்குப் போயிருந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்கலீங்க அக்கா" என்றார்.

அப்படியானால் என்னை ஏன் அனுப்பினீர்கள், நீங்களே போயிருக்கலாமே என்றேன்.

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் போயிருந்தா, நான் நெனைச்சதத்தான் பாத்துட்டு வந்திருப்பனுங்க. நீங்க அங்க இருக்கறதைப் பாத்துட்டு வருவீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.